ஒரு பலகை, மூன்று மொழிகள்: டிரெஸ்டனிலிருந்து

சிங்கப்பூரில் நள்ளிரவிலும் விழித்திருப்பவர்களுக்கும், டொராண்டோவில் மதியச் சாப்பாட்டை ஒத்திவைத்துவிட்டுத் திரைமுன் அமர்ந்திருப்பவர்களுக்கும் முதலில் நன்றி. இது இலக்கிய மேடை. நானோ சிப் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் பொறியாளன். பொழுதுபோக்காகக் 'கோ' ஆடுகிறவன். ஆகவே நான் பேசப்போவது ஒரு சின்னக் கேள்வியைப் பற்றித்தான். அந்தக் கேள்வி என்னை முன்னூறு வருடம் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. அதனால்தான் இங்கே கொண்டுவரலாம் என்று தோன்றியது.

முதலில் விளையாட்டு. குறுக்கும் நெடுக்குமாகப் பத்தொன்பது கோடுகள், அவை வெட்டிக்கொள்ளும் 361 புள்ளிகள். ஒருவரிடம் கருப்புக் கல், மற்றவரிடம் வெள்ளைக் கல். மாறி மாறி வைக்க வேண்டும். வைத்த கல் நகராது. எதிராளியின் கல்லைச் சுற்றி வளைத்தால் அது பலகையை விட்டுப் போகும். யார் அதிக இடத்தை வளைத்தார்களோ அவர்களுக்கு வெற்றி. நம் ஊரில் ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். அங்கும் கட்டத்துக்குள் வைப்பதில்லை, கோடுகள் சேரும் இடத்தில்தான் வைக்கிறோம். ஆடுகள் புலியைக் கொல்வதில்லை, அசைய முடியாமல் அடைக்கின்றன. தமிழில் 'கோ' என்றால் அரசன். இந்தக் கோவில் அரசனே கிடையாது, எல்லாக் கல்லும் ஒரே தகுதி. இதைச் சொன்னபோது என் ஜெர்மன் நண்பர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

எட்டு வருடமாக ஆடுகிறேன். ஒரு கட்டத்துக்கு மேல் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும் புத்தகங்கள் தீர்ந்துபோகும். அப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி என்னிடமும் வந்தது: எந்த மொழி படிக்கப் போகிறாய்? ஜப்பானியமா, சீனமா, கொரியமா? நாற்பத்தேழு வயதில் மூன்றையும் படிக்க முடியாது. உண்மையில் ஒன்றைப் படிப்பதே சந்தேகம். பதினோரு வருடம் ஆகியும் என் ஜெர்மன், அலுவலகக் கடிதம் ஒன்றைப் பிழையில்லாமல் எழுதும் அளவுக்கு வரவில்லை. இருக்கிற மாலை நேரம் கொஞ்சம். அதை எங்கே செலவிடுவது என்பது எனக்கு விளையாட்டான விஷயம் அல்ல.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தொழிற்சாலை நண்பர்கள் சீனம் என்றார்கள். தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் மற்ற மூன்று நிறுவனங்களோடு சேர்ந்து டிரெஸ்டனில் ஆலை கட்டுகிறது. 2024 ஆகஸ்டில் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். சீனம் தெரிந்தால் பிழைப்புக்கு நல்லது. கோ ஆடும் மூத்தவர்கள் ஜப்பானியம் என்றார்கள். வகுப்பில் படிக்கும் என் மகள், கேட்காமலே, கொரியம் என்றாள். அவளுடைய காரணம் நீங்கள் ஊகிக்கக்கூடியதுதான்: தொடர்கள்.

முடிவெடுக்க முடியாமல், இதற்குமுன் இந்த ஊர்க்காரர்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். பொறியாளர்கள் வேலையைத் தள்ளிப்போடும் முறைகளில் இதுவும் ஒன்று.

ஐரோப்பாவுக்குக் கோ இரண்டு முறை வந்தது. முதல்முறை சீன வழியாக. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த தாமஸ் ஹைட் 1694-இல் கீழைநாட்டு விளையாட்டுகளைப் பற்றி லத்தீனில் எழுதிய நூலில் இதை விவரித்தார். அவருக்குத் தகவல் சொன்னவர் இங்கிலாந்துக்கு வந்திருந்த ஷென் ஃபூசோங் என்ற சீனர். பிறகு 1710-இல் லைப்னிட்ஸ் எழுதினார். தத்துவ மேதை, கணித மேதை, இங்கிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் இருக்கும் லைப்சிக்கில் பிறந்தவர். சீனம் என்றால் அவருக்குத் தீராத மோகம். சீன எழுத்தில் உலகப் பொதுமொழிக்கான திறவுகோல் இருக்குமோ என்றுகூட யோசித்தவர். பெர்லின் அறிவியல் கழகத்தின் தொகுப்பில் படத்தோடு அவர் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு யாரும் கோ ஆட முடியாது. அவரே ஆடியதில்லை. பாதிரிமார் எழுதியதைப் படித்து எழுதினார். விளையாட்டின் பெயர் தெரிந்தது, அழகு தெரிந்தது, விதி தெரியவில்லை.

அதே 1710-இல்தான் டிரெஸ்டனை அடுத்த மைசனில் ஐரோப்பாவின் முதல் பீங்கான் ஆலை தொடங்கியது. இந்த ஊர் மன்னன் பலம்பொருந்திய ஆகஸ்டஸுக்குப் பீங்கான் பைத்தியம். தானே அதை ஒரு நோய் என்று ஒப்புக்கொண்டவன். 1717-இல் 600 குதிரைப்படை வீரர்களைப் பிரஷ்ய மன்னனிடம் கொடுத்து 151 சீனப் பாத்திரங்களை வாங்கினான். ஒரு பாத்திரத்துக்கு நான்கு ஆள். அந்தப் பாத்திரங்களில் சில இன்றும் ஸ்விங்கர் அரண்மனையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போனால் பார்க்கலாம். எனக்கு அங்கே பிடித்தவை அவை அல்ல. மைசன் ஓவியர்கள் ஆரம்ப காலத்தில் பாத்திரத்தின் அடியில் போட்ட போலிச் சீன எழுத்துகள்தான். படிக்கத் தெரியாதவன் எழுத்தை வரைந்தால் எப்படியிருக்குமோ அப்படி இருக்கும். சீனப் பூ, ஜப்பானியப் பூ எல்லாவற்றுக்கும் மைசனில் ஒரே பெயர்: 'இந்தியப் பூக்கள்'. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் வந்ததெல்லாம் இந்தியா. இதேபோலச் சீனத்தில் செய்த அரக்குத் தடுப்புத் திரைகளுக்கு இன்றும் ஐரோப்பாவில் 'கோரமண்டல்' என்றுதான் பெயர். நம் சோழமண்டலக் கரையில் ஏற்றி இறக்கியதுதான் காரணம். நான் பொறையாற்றுக்காரன். சொந்தக் கடற்கரையின் பெயரைச் சீனத் திரையின் அருகே எழுதியிருப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

இரண்டாம் முறை கோ வந்தது ஜப்பானிய வழியாக. கொண்டுவந்தவர் ஓஸ்கார் கோர்ஷெல்ட், இதே சாக்சனி மாநிலத்தில் பிறந்த வேதியியலாளர். மெய்ஜி அரசு சம்பளம் கொடுத்து அழைத்த அயல்நாட்டு நிபுணர்களில் ஒருவர். 1876-இல் போய் எட்டு வருடம் இருந்தார். சாக்கே மது கெட்டுப்போகாமல் காப்பது, மண் ஆய்வு என்று அவருடைய வேலைகள் பல. கோ வேலை அல்ல, பொழுதுபோக்கு. ஆனால் அவருக்கு வாய்த்த ஆசிரியர் முராசே ஷூஹோ, அந்தக் காலத்தின் ஆகச்சிறந்த ஆட்டக்காரர். பழைய கோ குடும்பங்கள் அரசு மானியத்தை இழந்து தடுமாறிய நேரம் அது. ஷூஹோ 1879-இல் புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கி, குடும்ப வழக்குகளை உடைத்து, வெளியாருக்கும் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். கதவு திறந்த நேரத்தில் வாசலில் நின்றவர் கோர்ஷெல்ட். 1880-81-இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையின் தலைப்பே கோவைச் சதுரங்கத்தின் போட்டியாளன் என்றது. அதை வைத்துக்கொண்டு ஆட முடிந்தது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் கோ கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்தக் கட்டுரையின் வழியாகத்தான்.

விளைவு? விளையாட்டு பிறந்தது சீனத்தில், அங்கே அதன் பெயர் 'வெய்ச்சி'. கொரியாவில் 'பாதுக்'. எங்கள் தொழிற்சாலைக்கு எதிரே பூக்கடை வைத்திருக்கும் வியட்நாம் அம்மா 'கொ வை' என்கிறார். உலகம் சொல்வது 'கோ'. அடுத்த நகர்வில் கல் பிடிபடும் என்ற எச்சரிக்கைக்கு 'அத்தாரி', மூலை ஆட்டங்களுக்கு 'ஜோசெக்கி', தகுதிப் படிக்கு 'தான்', எல்லாம் ஜப்பானியம். 1972-இல் தொடங்கிய அமெரிக்க வீடியோ விளையாட்டு நிறுவனம் அட்டாரிக்குக்கூட அங்கிருந்துதான் பெயர். நாங்கள் இந்தச் சொற்களைப் பலகைமேல் எறிந்துகொண்டிருக்கும்போது எனக்கு மைசன் பாத்திரத்தின் அடிப்புறம் ஞாபகம் வரும்.

கோர்ஷெல்டுக்குப் பிறகு, 1920-களில், ஜெர்மன் மொழியில் கோவுக்கென்று ஒரு பத்திரிகையை இந்த டிரெஸ்டனிலிருந்து நடத்தியவர் புரூனோ ரியூகர். 1909-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஒரு பேராசிரியர் தொடங்கி நின்றுபோன முயற்சியை மீண்டும் எடுத்தவர். சிற்றிதழ் நடத்துவது என்றால் என்னவென்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போர், பணவீக்கம், இன்னொரு போர் என்றிருந்த நாட்டில், ஒரு சில நூறு பேருக்கு மட்டும் புரியும் வரைபடங்களை அச்சடிப்பதற்குத் தனிப் பிடிவாதம் வேண்டும்.

ஆனால் என் கேள்விக்கு மிக நெருக்கமான ஆள் ஆட்டக்காரர் அல்ல, ஓர் அரசு அலுவலர். கெயோர்க் ஃபொன் டெர் காபெலென்ட்ஸ். 1840-இல் ஆல்டன்பர்க் அருகே பிறந்தவர். சட்டம் படித்து 1864-இல் சாக்சனி அரசுப் பணியில் சேர்ந்தார். டிரெஸ்டனிலும் வேலை பார்த்தார். பகலில் கோப்புகள். மிச்ச நேரத்தில் சீனம். பள்ளிப் பருவத்திலேயே டச்சு, இத்தாலி மொழிகளோடு சீனத்தையும் தானாகவே படிக்கத் தொடங்கியவர். காரணம், அப்பா. அவர் அப்பா ஹான்ஸ் கோனோன் அமைச்சர் பதவிவரை போனவர். அவருக்கும் மொழிகள்தான் பொழுதுபோக்கு. 1832-இலேயே மஞ்சு மொழிக்கு இலக்கணம் எழுதியவர். வீட்டு நூலகத்தில் உலகத்து இலக்கணங்கள் குவிந்து கிடந்தன. மகன் எந்த மொழியைத் தேர்ந்தெடுப்பது என்று பெரிதாக யோசித்திருக்கத் தேவையில்லை. அலமாரி யோசித்துவிட்டது.

பன்னிரண்டு, பதினான்கு வருடம் அலுவலராகவே இருந்துகொண்டு படித்தார். 1876-இல் சீனத் தத்துவ நூல் ஒன்றின் மொழிபெயர்ப்புக்காக முனைவர் பட்டம். 1878-இல் லைப்சிக் பல்கலைக்கழகம் கிழக்காசிய மொழிகளுக்கென்று ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கி அவரை அழைத்தது. ஜெர்மன் பேசும் நாடுகளில் அப்படி ஒரு பதவி அதுவே முதல். 1881-இல் அவருடைய 'சீன இலக்கணம்' வெளிவந்தது. செவ்வியல் சீனம் படிப்பவர்கள் இன்றைக்கும் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். அதை இரண்டு பாதியாகப் பிரித்திருக்கிறார். ஒன்று, கண்முன் இருக்கும் சொல்லிலிருந்து பொருளுக்குப் போவது. மற்றது, மனத்தில் இருக்கும் பொருளிலிருந்து சொல்லுக்குப் போவது. படிப்பவனுக்கு ஒரு வழி, பேசுகிறவனுக்கு ஒரு வழி. எவ்வளவு எளிமையான யோசனை! நான் பார்த்த மொழிப் பாடநூல்களில் பாதி, இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகின்றன.

ஆனால் நூலின் தலைப்பிலேயே ஓர் எச்சரிக்கை உண்டு: தாழ்ந்த நடையும் இன்றைய பேச்சுவழக்கும் நீங்கலாக. சீனம் போகாத மனிதர். அவர் கற்றுத்தந்த சீனத்தில் கன்ஃபூசியஸோடு உரையாடலாம், கடையில் தேநீர் கேட்க முடியாது. நமக்கு இது புதிதல்ல. பெஸ்கி என்ற வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் தனித்தனியாகத்தான் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சானது எங்கள் தரங்கம்பாடியில்.

காபெலென்ட்ஸின் மாணவர்களில் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. மாக்ஸ் ஊலே, 1856-இல் இதே டிரெஸ்டனில் பிறந்தவர். 1880-இல் பழஞ்சீனத்தின் ஒரே ஓர் இடைச்சொல்லைப் பற்றி ஆய்வேடு எழுதினார். பிறகு டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்து தென்னமெரிக்கப் பொருள்களின்மேல் கண் போயிற்று. கடைசியில் அவரை உலகம் அறிந்தது பெரு நாட்டுத் தொல்லியலின் முன்னோடியாக. சீன இடைச்சொல் என்ன ஆனதோ! தேர்ந்தெடுத்த மொழி நம்மை விட்டுவிடும் சாத்தியமும் உண்டு என்பதற்காகச் சொன்னேன். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

இந்த இடத்தில் நம் மொழிக்கும் ஒரு வாசல் இருக்கிறது. டிரெஸ்டனிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூர். அங்கே 1558 முதல் ஒருவகை மசாலா கேக் சுடுகிறார்கள். பெயர் 'மிளகு கேக்', உள்ளே மிளகு கிடையாது. அந்த ஊரில்தான் 1682-இல் சீகன்பால்கு பிறந்தார். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதிக் கற்றுக்கொண்டார். பத்தே வருடத்தில், 1716-இல், அவருடைய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சானது. அவர் தமிழைத் தேர்ந்தெடுக்கவில்லை. டென்மார்க் மன்னனுக்கு அங்கே ஒரு கோட்டை இருந்தது, அதனால் தமிழ். பின்னால் 1836-இல் டிரெஸ்டனில் ஒரு லூத்தரன் மிஷன் சங்கம் தொடங்கியது. அது 1840-இல் தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பியது. 1844-இல் அதன் இயக்குநரானவர் கார்ல் கிரவுல். சங்கம் 1848-இல் லைப்சிக்குக்கு இடம்பெயர்ந்தது, கிரவுல் தமிழ்நாட்டுக்குப் போய்வந்தார், 1856-இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார். அதாவது காபெலென்ட்ஸ் பள்ளிச் சிறுவனாகச் சீனம் படித்துக்கொண்டிருந்த அதே வருடங்களில், அடுத்த ஊரில் ஒருவர் குறளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

இவற்றையெல்லாம் படித்தபின் எனக்கு ஒன்று பட்டது. இவர்களில் எவரும் என்னைப்போல மூன்று மொழிகளைத் தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கவில்லை. கோர்ஷெல்டுக்கு எதிரே ஷூஹோ உட்கார்ந்திருந்தார். காபெலென்ட்ஸுக்கு அப்பாவின் அலமாரி. சீகன்பால்குவுக்கு மணலும் பிள்ளைகளும். லைப்னிட்ஸுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவரால்தான் ஆட முடியவில்லை.

சரி, கோவின் பக்கத்திலிருந்து பார்த்தால் எந்த மொழி? இதற்கு வரலாறு தரும் பதில் இருபது வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் சீனத்தில் பிறந்தார், பதினான்கு வயதில் ஜப்பானுக்குப் போனார், 2014-இல் நூறு வயதில் இறந்தார். ஒரே மூன்று எழுத்துகள். சீனர் அதை வூ சிங்யுவான் என்று படிக்கிறார்கள், ஜப்பானியர் கோ செய்கென் என்று படிக்கிறார்கள், கொரியர் ஓ சோங்வொன் என்கிறார்கள். எந்த மொழியில் அவரைப் படிப்பது? 1980-கள் வரை ஜப்பான்தான் மையம். பிறகு சீனாவின் நியே வெய்பிங் ஜப்பானிய வீரர்களை வரிசையாக வீழ்த்தினார். 1989-இல் முதல் இங் கோப்பையின் இறுதியில் அந்த நியே வெய்பிங்கை 3-2 என்று வென்றவர் கொரியாவின் சோ ஹுன்ஹ்யூன். 2016 மார்ச்சில் சியோலில் லீ செடோல் ஆல்ஃபாகோவிடம் 4-1 என்று தோற்றார். அவர் வென்ற அந்த ஒரு ஆட்டத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதன்பிறகு எல்லா நாட்டு வீரர்களும் படிப்பது கணினியிடம். கணினிக்கு எந்த மொழியும் இல்லை, சதவீதம் மட்டும்தான்.

தமிழின் பக்கத்திலிருந்து பார்த்தால்? இங்கே கவனமாகப் பேச வேண்டும். ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு என்று சுசுமு ஓனோ பல வருடம் எழுதினார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்கள் சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு உழைத்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1905-இல், ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் இரண்டையுமே ஏற்கவில்லை. எனக்கும் அவற்றை நம்ப ஆசை உண்டு, ஆசை ஆதாரம் ஆகாது. ஆனால் உறவு இருக்கிறதோ இல்லையோ, படிக்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்மையாகவே இருக்கிறது. இரண்டிலும் வினை கடைசியில் வருகிறது. பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுகிறது. ஜெர்மன்காரர் தலைகீழாக நின்று யோசிக்க வேண்டியதை நாம் நேராக நடந்தே யோசிக்கலாம். சீனத்தில் அந்தச் சலுகை இல்லை.

இதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மகள் தன் நோட்டைக் கொண்டுவந்தாள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவள் தமிழ் பேசுவாள், எழுத மாட்டாள். ஒன்பது வயதில் தமிழ் வகுப்பிலிருந்து நின்றுவிட்டாள். நானும் அவள் அம்மாவும் கெஞ்சி, கோபித்து, விட்டுவிட்டோம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த வீட்டுச் சண்டை தெரியும். அந்த நோட்டில் கொரிய எழுத்தில் ஒரு வாக்கியம்: நானுன் பாதுகுல் துன்தா. 'நான் பாதுக் ஆடுகிறேன்.' பக்கத்தில் அம்புக்குறி போட்டு, 'உல்' என்பதற்கு நேராக, கோணல்மாணலாக, ஒரு தமிழ் எழுத்து: ஐ.

"அப்பா, இது ரெண்டாம் வேற்றுமைதானே? 'பாதுக்கை ஆடுறேன்'னு சொன்னா சரியா? மூணாவதுக்கு என்ன?" என்று கேட்டாள். 'ஆல்' என்றேன். அதை எப்படி எழுதுவது என்று கேட்டாள்.

ஜப்பானியப் புத்தகங்கள் இரண்டு வாங்கி வைத்திருந்தேன், நல்ல புத்தகங்கள். கோ மன்றத்தின் மூத்தவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். செவ்வாய், வியாழன் மாலைகளில் நாங்கள் இருவரும் கொரியம் படிக்கிறோம். அவள் என்னைவிட மூன்று பாடம் முன்னால் இருக்கிறாள், அதைச் சொல்லிக்காட்டவும் செய்கிறாள். போன வாரம் ஏழாம் வேற்றுமையில் தகராறு. இடத்தைக் காட்ட அவர்களிடம் இரண்டு உருபு உண்டு, நம் 'இல்' எங்கே போய் உட்காரும் என்று தெரியவில்லை. அவையில் கொரியம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கேள்வி நேரத்தில் தயவுசெய்து சொல்லுங்கள்.